கோட்டைக்குள் இருந்த தண்ணீர்த் தொட்டி

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் அப்படியே இருப்பீர்கள் என்று எண்ணிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். என் சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்கிறது, அம்மாவின் முழங்கால்தான் கேட்பதில்லை. மாடிக் குழாயில் கசிவு இருந்தது. முப்பத்துநான்கு வருஷம் ஊருக்கே தண்ணீர் விட்ட மனுஷன் வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று பக்கத்து வீட்டில் சொல்லி அம்மா சிரித்துவிட்டாள், அதனால் அன்றைக்கே வாஷரை மாற்ற வேண்டியதாயிற்று. உன் அறையில் புத்தகங்களைக் கரையான் தொடவில்லை, பார்த்துவிட்டேன்.

போன வாரம் மூன்று நாள் வெளியூர் போய் வந்தேன். எங்கள் குடிநீர் அலுவலகத்தில் ஜீப் ஓட்டிய டிரைவர் ஒருநாள் வந்து, “அண்ணே, போர்ச்சுகீசியர் ஆண்ட ஊராம், கோட்டை இருக்கு, பெரிய சர்ச் இருக்கு, டிக்கெட் போட்டுட்டேன், முடியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க” என்றார். நாம் இரண்டு பேர்தானா என்று கேட்டேன், இன்னொருத்தர் வருகிறார் என்று மட்டும் சொன்னார். ரயிலடிக்குப் போனபோது பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு நின்றவன் ஸ்கேல். அலுவலகத்தில் வரைபடம் போட்டவன், நீ சின்ன வயதில் ஸ்கேல் மாமா என்று கூப்பிட்டவன், உனக்குப் பேசி முடித்த பெண்ணின் அப்பா. பத்திரிகை அடித்து மண்டபமும் பேசிய பிறகு, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று நீ சொல்லிவிட்டுப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அந்த ஒன்பது வருஷமும் அவனும் நானும் பேசியதில்லை. திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் டிரைவர் என் பெட்டியை ஏற்கெனவே ரயிலில் ஏற்றிவிட்டிருந்தார்.

ஆறு மணி நேரப் பயணத்தில் அவன் ஒரு ஜன்னல், நான் ஒரு ஜன்னல். தங்கிய இடம் பழைய காலத்து வியாபாரி ஒருவரின் வீடாம், கூரை இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது, அறைக்கு மூன்று கட்டில். டிரைவர் நடுக்கட்டிலில் வேலி மாதிரி படுத்துக்கொண்டார். ஊர் பார்க்க வேண்டிய ஊர்தான். தெருவுக்குத் தெரு பெயரை நீலமும் வெள்ளையுமாகப் பீங்கான் ஓட்டில் எழுதிச் சுவரில் பதித்திருக்கிறார்கள். சதுக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கல்லை அலை மாதிரி பாவியிருக்கிறார்கள், கொஞ்ச நேரம் குனிந்து பார்த்து நடந்தால் தலை சுற்றுகிறது. வீடுகளுக்கு இரும்புக் கம்பி போட்ட மாடிமுகப்பு, அதில் துணி காய்கிறது. சர்ச்சுக்குள் தரை முழுக்கக் கல்லறைக் கல், செத்தவர்கள் பெயர் மேலேயே நடந்துதான் உள்ளே போக வேண்டும். டிரைவர் யார் பெயரையும் மிதிக்கக் கூடாது என்று தாண்டித் தாண்டிப் போய்த் தூணில் இடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, திரும்பினால் ஸ்கேலும் சிரிக்கிறான், இரண்டு பேரும் உடனே வாயை மூடிக்கொண்டோம்.

இரண்டாம் நாள் காலையில் கோட்டைக்குப் போனோம். கடலைப் பார்த்த பக்கம் பீரங்கிகள் துருப்பிடித்துக் கிடந்தன. எல்லோரும் அங்கே நின்று படம் எடுத்தார்கள், நான் உள்முற்றத்துக்குப் போனேன். தரைக்குக் கீழே பெரிய தொட்டி ஒன்று, மழைத்தண்ணீர் பிடிக்கக் கட்டியது, படி இறங்கிப் போகலாம். வளைவு வளைவாகத் தூண்கள், அடியில் முழங்கால் அளவு தண்ணீர், இத்தனை நூறு வருஷத்துக்குப் பிறகும் ஒரு பொட்டு நாற்றம் இல்லை. பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்காமலே, “எத்தனை லிட்டர்யா பிடிக்கும் இது?” என்று கேட்டுவிட்டேன். வேலையில் இருந்த காலத்தில் எதைப் பார்த்தாலும் அவனிடம்தான் அளவு கேட்பது, அந்தப் பழக்கம். ஸ்கேல் தூணுக்குத் தூண் எட்டு வைத்து அளந்துவிட்டு, “ஆறு லட்சம் வரைக்கும் பிடிக்கும், வண்டல் இல்லைன்னா இன்னும் கூட வரும்” என்றான். நான் தலையாட்டினேன். டிரைவர் தொப்பி வாங்கப் போகிறேன் என்று மேலே ஏறிவிட்டார், அவர் தலையில் ஏற்கெனவே ஒரு தொப்பி இருந்தது.

அப்புறம் ஸ்கேல் சொன்னான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “உன் பையனை எட்டு வருஷமா திட்டிட்டு இருந்தேன்யா. போன வருஷம் ஒருநாள் எம்பொண்ணு குழந்தைக்குச் சோறு ஊட்டிட்டு இருந்தா, நான் வழக்கம்போல ஆரம்பிச்சேன். கிண்ணத்தைக் கீழ வச்சுட்டு, அப்பா போதும், கல்யாணத்தை நிறுத்தச் சொன்னது நான்தான், நான் சொன்னா நீங்க என்னைக் கொன்னே போட்டிருப்பீங்க, அதனால பழியை அவர் தலையில போட்டேன், அவர் எதுவும் கேக்காம ஏத்துக்கிட்டார், இப்ப நான் நல்லா இருக்கேன்னா அது அவரால அப்படின்னு சொன்னா.” இதைச் சொல்லிவிட்டு, கல்யாணம் நின்றபோது தன் வீட்டுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு நான் நின்றதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை என்றான். என் வாசல் வரைக்கும் இரண்டு தடவை வந்துவிட்டுக் கூப்பிடத் தைரியம் இல்லாமல் திரும்பிப் போனானாம், அதற்குப் பிறகுதான் டிரைவரைப் பிடித்து இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்திருக்கிறான். மன்னித்துவிடு என்று என் கையைப் பிடித்தான். அந்தத் தொட்டிக்குள் சின்னச் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கிறது.

கையை விடுவித்துக்கொண்டேன். மேலே வந்து மதில்மேல் உட்கார்ந்தேன். முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது. பெற்ற அப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று. கொஞ்ச நேரம் போன பிறகு, சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு நேரே ஸ்கேல் வீட்டுக்குப் போய், தப்பு என் பையன்மேல் இல்லை, உன் பெண்மேல் என்று தெருவே கேட்கச் சொல்லியிருப்பேன். அது உனக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு அவள் அப்பாவிடம் பயம், உனக்கு உன் அப்பாவிடம் நம்பிக்கை இல்லை. இதில் உன்னைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

நீ ஊரைவிட்டுப் போன அன்று நான் வழியனுப்ப வரவில்லை. என் முகத்தில் கரியைப் பூசிவிட்டாய் என்று சொன்னேன், நீ குனிந்து ஷூ கட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாய். உன் கல்யாணத்துக்கு நீ கூப்பிட்டபோது, வேலை இருக்கிறது என்று எழுதினேன். அப்போது நான் ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகியிருந்தது, ஒரு வேலையும் இல்லை. இது உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் என் கையெழுத்தில் இருக்கட்டும். நான் செய்தது தப்பு.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. “அவன் காரணமில்லாம அப்படிச் செய்யமாட்டான்னு நான் அப்பவே சொன்னேன், நீங்க பேப்பரைத் தூக்கி முகத்தை மறைச்சுக்கிட்டீங்க” என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, சாப்பாட்டை மட்டும் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இப்போது பேசுகிறாள், முழுசாக இல்லை. ஸ்கேல் நேற்று வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான், பழைய பம்பைப் பற்றித்தான் பேசினோம். அவனை மன்னித்துவிட்டேனா என்று எனக்கே தெரியவில்லை, காபியைக் குடித்துவிட்டுப் போனான்.

அந்தப் பெண்ணைப் பற்றி யாரிடமும் சொல்லமாட்டேன், நீ இத்தனை வருஷம் காப்பாற்றியதை நான் கெடுக்கமாட்டேன். நேற்று பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தேன், கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள், அதில் யாரோ மாதிரி இருக்கிறேன். மருமகளை நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை. உங்களுக்குச் சௌகரியப்படும் மாதம் எது என்று எழுது, அம்மாவும் நானும் வருகிறோம். இப்போது வேண்டாம் என்று தோன்றினாலும் தயங்காமல் எழுது, கோபித்துக்கொள்ளமாட்டேன்.

குளிர் நாளில் காதை மூடிக்கொண்டு போ, சின்ன வயதிலிருந்தே உனக்குக் காதுதான் முதலில் வலிக்கும். நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நெடுங்காலம் மனம் ஒத்து வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். ஒன்று நினைவில் வைத்துக்கொள். இத்தனை வருஷமாக நீ ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போதெல்லாம், இரு, அம்மாவிடம் தருகிறேன் என்று கொடுத்துவிடுவேன். இந்த ஞாயிறு கொடுக்கமாட்டேன். என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது, நீயே ஆரம்பி.

இப்படிக்கு,
உன் அப்பா