திருவருகைக் காலத்தில் வந்த குரல்

அன்புள்ள அம்மா,

ஆண்டவர் அருளால் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உங்களிடம் ஒன்று உடனே சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், நல்ல விஷயம்தான். நான் தரை துடைக்கும் வார்டில் ஒருவர் மாதக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்தார். அவர் மனைவி தினமும் வந்து காதோரம் வீட்டுக்கதை பேசுவார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கியதும் அவருக்குப் புதுச்சட்டையே வாங்கி வந்துவிட்டார். "பாலன் வர்றப்ப இவரும் எழுந்துடுவாரு" என்று எல்லாரிடமும் சிரித்துக்கொண்டே சொல்வார். நர்சுகள் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

இன்று காலை அந்த மனைவி சட்டையின் நிறத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது, படுக்கையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கொஞ்சம் மெதுவா பேசேன்டி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாளியைத் தட்டிவிட்டேன். ஓயாமல் பேசுகிற அந்த அம்மாவோ "என்னங்க?" என்று மட்டும் கேட்டார்.

"சட்டை நல்லாயிருக்கு" என்றார் அவர்.

அம்மா, பேச்சு நின்றுபோன நம் அப்பாவிடம் நீங்களும் பேசிக்கொண்டே இருங்கள். பக்கத்து வீட்டுச் சண்டையைக்கூட விடாதீர்கள். இங்கே என்னை அப்பாவைப் போல யாரும் 'பாப்பா' என்று கூப்பிடுவதில்லை. அப்பா கூப்பிட்டால் உடனே போன் பண்ணுங்கள். வேலை நேரமானாலும் எடுத்துவிடுவேன்.

சாப்பாட்டு இடைவேளை முடிகிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்