இடது பக்க நட்டு

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது.

நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்ற நினைப்பில் இதை எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அந்த ஒரு சொல்லிலேயே கை நின்றுவிட்டது. எனக்குக் காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லை, அப்பாவுக்குச் சர்க்கரை ஏறவில்லை, வீட்டுக் கூரை ஒழுகவில்லை. அந்த அளவுக்கு நலம். மீதியைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், நானும் அதுதான் சாக்கு என்று பேச்சை மாற்றிவிடுவேன். நம் இரண்டு பேர் லட்சணமும் எனக்குத் தெரியும். அதனால்தான் காகிதம்.

முதலில் உன் சைக்கிள் விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை நீ அப்பாவிடம், பின் சக்கரத்தில் கடக் கடக் என்று சத்தம் வருகிறது, என்னவாக இருக்கும் என்று கேட்டாய். அவர் பதில் சொல்லாமல் போனை என் கையில் திணித்துவிட்டு எழுந்து போய்விட்டார், உனக்கும் குரல் சுருங்கிப்போய்விட்டது. அவருக்குப் பதிலாக நான் சொல்கிறேன், கவனமாகப் படி. மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் முதலில் பெடலையும் செயினையும் பார். மிதிக்காமல் சும்மா உருட்டிக்கொண்டு போகும்போதும் வந்தால்தான் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைச் சந்தேகப்பட வேண்டும். வண்டியைத் தூக்கி நிறுத்தி, டயரைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டிப் பார். ஆட்டம் இருந்தால் கோன் தளர்ந்திருக்கிறது, அதாவது அச்சில் மாட்டிக்கொண்டு பேரிங் குண்டுகளை அழுத்திப் பிடிக்கிற அந்தக் கூம்பு. ஆட்டம் இல்லாமல், மெதுவாகச் சுற்றும்போது விரலுக்கு மணல் அரைபடுகிற மாதிரி தெரிந்தால் உள்ளே கிரீஸ் செத்துவிட்டது, இல்லாவிட்டால் கோனில் குழி விழுந்துவிட்டது. விட்டுவிட்டுக் கடக் என்றால் அனேகமாக ஒரு குண்டு உடைந்திருக்கும். அந்த ஒன்றை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று எவனாவது சொன்னால் வண்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடு, மாற்றினால் அந்தப் பக்கத்து ஒன்பதையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். கோனை இறுக்கும்போது ஆட்டம் நிற்கிற இடத்தில் கையை எடுத்துவிடச் சொல், அதற்கு மேல் ஆசைப்பட்டால் குண்டு கோனைத் தின்றுவிடும். எல்லாம் முடிந்த பிறகு அச்சின் இரண்டு பக்க நட்டையும் ஸ்பானர் போட்டு இறுக்கியாகிவிட்டதா என்று உன் கையாலேயே பார். இரண்டு பக்கமும். வேலை முடிந்தது என்று யார் சொன்னாலும் நம்பாதே, உன்னைப் பெற்றவளே சொன்னாலும் நம்பாதே.

அப்பா ஏன் எழுந்து போனார் என்றால், இப்போது ஹப் என்ற பேச்சு வந்தாலே அவரால் உட்கார முடிவதில்லை. ரொட்டிக்காரர் சைக்கிளிலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டார் என்று மட்டும்தான் உனக்குச் சொல்லியிருந்தேன். ரொட்டிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு, மணி இருந்தும் அடிக்காமல் ஓரம் ஓரம் என்று வாயாலேயே கத்திக்கொண்டு நம் தெருவில் போவாரே, அவர்தான். நம் கடையில் முன் சக்கரத்தைப் பார்த்துக் கொடுத்த மூன்றாம் நாள் விழுந்தார். பாலத்து இறக்கத்தில் ரோடு பெயர்ந்து கிடக்கும் இடத்தில் முன் சக்கரம் குழியில் இறங்கி ஏறியிருக்கிறது, ஆள் தலைகுப்புறப் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கண்ணே திறக்கவில்லை, ஐந்தாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. குடித்துவிட்டு ஓட்டினார் என்று நாலு பேர் சொன்னார்கள். அந்த மனிதர் டீயைத் தவிர வேறு எதையும் குடித்து நான் பார்த்ததில்லை, ஆனால் ஊர் வாய்க்கு அதெல்லாம் எதற்கு.

ஒரு வாரம் கழித்து அவர் மனைவி அந்தச் சைக்கிளைக் கடைக்குக் கொண்டுவந்தாள். முன் சக்கரம் கோணிக்கொண்டு, அதைத் தாங்கிப் பிடிக்கும் போர்க்கில் சிக்கியிருந்ததால், முன்பக்கத்தைக் கையால் தூக்கிப் பிடித்துப் பின் சக்கரத்திலேயே உருட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாள். ரொட்டிப் பெட்டிகூட இன்னும் அவிழ்க்காமல் பின்னால் இருந்தது. அழவில்லை. அண்ணே, அவரு குடிச்சிட்டு விழுந்தாருன்னு என் பொண்ணுங்க காதுபடவே பேசுறாங்க, கோளாறு வண்டியிலயா அவர்கிட்டயா, நீங்க பாத்துச் சொல்லுங்க, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க என்று கேட்டாள். உனக்கு வேறு கடையே கிடைக்கவில்லையா என்று நான் மனசுக்குள் அவளைத் திட்டினேன். ஏன் திட்டினேன் என்று பிறகு எழுதுகிறேன்.

அப்பா கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு, அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, அவள் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரிம் வளைந்திருந்தது, அது விழுந்ததில் வளைந்தது. ஸ்போக்ஸ் மூன்று முறிந்திருந்தன, முறிந்த வாய் துருப்பிடிக்காமல் பளபளவென்று இருந்தது, அதுவும் விழுந்த பிறகு. பிரேக் கட்டை சரியாக இருந்தது. ஹப்பைத் திறந்தார். முன் ஹப்பில் பக்கத்துக்குப் பத்துக் குண்டு, இருபதும் முழுசாக, போட்ட கிரீஸ் போட்டபடியே. கோனில் ஒரு கீறல் இல்லை, அச்சும் முறியவில்லை. அவர் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. பிறகு போர்க்கின் இரண்டு காலையும் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நட்டை ஸ்பானரால் இறுக்கினால் அடியில் இருக்கும் வாஷர் பெயிண்டைக் கடித்து வட்டமாகத் தடம் விடும். வலது காலில் அந்தத் தடம் புதிதாக இருந்தது. இடது காலில் பழைய துருத் தடம் மட்டும்தான் இருந்தது. இடது நட்டைக் காணவில்லை, ஆனால் அச்சில் மரை கொஞ்சம்கூடத் தேயவில்லை. இறுக்கி வைத்த நட்டு பிய்த்துக்கொண்டு போயிருந்தால் மரை நாசமாகியிருக்கும். இது கையால் திருகி விட்ட நட்டு, மூன்று நாள் ரோட்டு அதிர்வில் தானாகச் சுற்றிக் கழன்று எங்கேயோ விழுந்திருக்கிறது, குழியில் இறங்கியதும் அந்தப் பக்கம் அச்சு நழுவிச் சக்கரம் சிக்கிக்கொண்டது. அப்பா நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்து, அவரு மேல ஒரு தப்பும் இல்லம்மா, நான்தான் இடது நட்டை இறுக்கல என்று சொல்லிவிட்டார்.  அவள் எழுந்து ரொட்டிப் பெட்டியை மட்டும் அவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். சைக்கிள் நம் கடையிலேயே கிடக்கிறது.

நம் கடையின் சிவப்புத் துணி உனக்கு ஞாபகம் இருக்கும். பழைய திரையைக் கிழித்த துண்டு. பாதி வேலையில் எழுந்து போனால் அந்த வண்டியின் ஹேண்டில்பாரில் அதைக் கட்டிவிட்டுப் போக வேண்டும், அது இருக்கும்வரை யார் வந்து கேட்டாலும் வண்டி வாசலைத் தாண்டக் கூடாது. தான் பேச ஆரம்பித்தால் கை நின்றுவிடும் என்று தெரிந்து அப்பாவே போட்ட சட்டம் அது. அந்தப் பெண் போன பிறகு அப்பா என்னிடம் கேட்டார். எதிர்ல மருந்துக்கடையில ஷட்டர் சிக்கிக்கிச்சுன்னு கூப்பிட்டாங்க, வலது நட்டை இறுக்கிட்டு இடதைக் கையால திருகிட்டு எழுந்தேன், போறப்போ துணியைக் கட்டிட்டுத்தானே போனேன், திரும்பி வந்தப்போ வண்டி இல்ல, நீ இறுக்கிக் கொடுத்துட்டேன்னு நெனச்சுட்டேன், துணியை நீ பாத்தியா என்று கேட்டார். நான் பாக்கலையே என்று சொன்னேன். துணி எதுவும் இல்லையே என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அன்றைக்குப் பிடித்தது அவருக்கு இந்தச் சந்தேகம். துணியைக் கட்டியது அவருக்கு அவ்வளவு தெளிவாக ஞாபகம் இருக்கிறது, எந்தப் பக்கப் பிடியில் கட்டினேன், எத்தனை முடிச்சு என்றுகூடச் சொல்கிறார். கட்டினது நல்லா ஞாபகம் இருக்கு, ஆனா துணி இல்லைங்கிறே, அப்ப என் ஞாபகமே பொய்யா என்று கேட்கிறார். ஸ்பானரைத் தொடுவதில்லை. அடுப்பு அணைத்தாயிற்று, கதவு பூட்டியாயிற்று என்று துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார், பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறார். தெருவில் போகிறவர்களை நிறுத்தி முன் சக்கர நட்டைப் பார்க்கட்டுமா என்று கெஞ்சுகிறார். போன வாரம் ஒரு டீச்சரம்மா பயந்துபோய்ச் சைக்கிளைப் போட்டுவிட்டே ஓடிவிட்டார்கள். வேறு நாளாக இருந்தால் நீயும் நானும் ஒரு மாதத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்போம். நீயும் பாவம், நல்லது செய்வதாக நினைத்து ஒவ்வொரு தடவையும் போனில் இன்று என்ன கிழமை, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறாய். அவர் எல்லாவற்றுக்கும் சரியாகத்தான் சொல்கிறார். வைத்த பிறகு என்னிடம் வந்து, நான் சொன்னதெல்லாம் சரிதானா என்று கேட்கிறார். வருகிற வியாழக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் தலையைப் படம் பிடிக்கப் போகிறார்கள். கடையை யாருக்காவது விட்டுவிடலாம், நான் தொட்டா இன்னொரு ஆள் சாவான் என்கிறார்.

இனிமேல் எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. துணி இருந்தது. அவர் சொல்கிற அதே பக்கத்தில், அவர் சொல்கிற அதே இரண்டு முடிச்சோடு இருந்தது. அவர் எதிர்க் கடைக்குப் போனதும் என் கை பட்டு எண்ணெய் டப்பா கவிழ்ந்துவிட்டது. தரையெல்லாம் ஓடி அடுத்த வண்டியின் டயர் வரைக்கும் போய்விட்டது. கைக்கு எட்டியது அந்தத் துணிதான், அவிழ்த்துத் துடைத்து, சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டேன். வேறு துணி கட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் இருந்தேன், அதற்குள் ரொட்டிக்காரர் வந்து அக்கா முடிஞ்சுதா, நேரமாச்சு என்று நின்றார். எனக்குத்தான் சக்கரத்தின் சத்தத்தை வைத்தே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவேன் என்று பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு ஆயிற்றே. முன்பக்கத்தைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன். முன்னே கரகரவென்று கத்திக்கொண்டிருந்த சக்கரம் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லாமல் ஓடியது. ஹப் சத்தம் போடும், கோன் சத்தம் போடும், இறுக்காத நட்டு முதல் நாள் வாயே திறக்காது. இது தெரியாதவளா நான். முடிஞ்சுது, எடுத்துட்டுப் போங்க என்று நான்தான் சொன்னேன். நல்லா ஓடுதுக்கா என்று சிரித்துவிட்டுப் போனார்.

அப்பா கேட்டபோது ஏன் பொய் சொன்னேன் என்று என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். முதலில் பயம். ஒரு ஆள் செத்திருக்கிறான், அவன் மனைவி உட்கார்ந்த சூடு ஸ்டூலில் ஆறவில்லை, அந்த நேரத்தில் என் வாயில் இல்லை என்றுதான் வந்தது. அதன் பிறகு, அவர் ஆண்பிள்ளை, தாங்கிக்கொள்வார், நாலு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பழியைத்தான் அவர் தலையில் போட்டேன் என்று பார்த்தால், அவர் புத்தியையே அவரிடமிருந்து பிடுங்கியிருக்கிறேன். நாற்பது வருஷமாக ஒரு குண்டைக்கூட எண்ணாமல் போட்டவர் இல்லை அவர். அந்த மனிதர் இன்று சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துப் படித்து, நான் காலையில குளிச்சேனா என்று என்னிடம் கேட்கிறார், குளிச்சீங்க என்று நான் பதில் சொல்கிறேன், அதையும் நம்பிக்கொண்டு போகிறார். என்னைத்தான் நம்புகிறார் கண்ணு. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அந்தத் துணியைத் துவைத்து பீரோவில் போர்வைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். எரித்துவிடலாம் என்று இரண்டு தடவை அடுப்பு வரைக்கும் கொண்டுபோனேன், முடியவில்லை. வியாழக்கிழமை வரை விடப்போவதில்லை. படத்தில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னாலும் அப்பா நம்பமாட்டார், துணியைப் பார்த்தால்தான் நம்புவார். இதை எழுதி முடித்ததும் அதைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்து, நீங்க கட்டினீங்க, நான் அவிழ்த்தேன் என்று சொல்லப்போகிறேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அப்படியே ரொட்டிக்காரர் வீட்டுக்கும் போய் அந்தப் பெண்ணிடமும் அதையேதான் சொல்ல வேண்டும். அவள் கதவைச் சாத்தினால் சாத்தட்டும். அவள் நல்லவரிடம் கேட்டாள், அவரும் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார், பக்கத்தில் நின்ற நான்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நீ நன்றாக இரு. நோய்நொடி இல்லாமல், போகிற இடமெல்லாம் நல்லபடியாகப் போய் வீடு வந்து சேர். என் ஆசீர்வாதம் இப்போது எதற்கு உதவும் என்று தெரியவில்லை, இருந்தாலும் பெற்றவள் கொடுக்கிறேன், வாங்கிக்கொள். உன் சைக்கிளை இந்த வாரமே பார், இரண்டு பக்க நட்டையும் பார், தள்ளிப்போடாதே. உறைமேல் முகவரியை எப்போதும் அப்பாதான் எழுதுவார், என் கோழிக்கிறுக்கல் உங்கள் ஊர்த் தபால்காரருக்குப் புரியாது என்பார். இதையும் அவரிடம்தான் கொடுப்பேன். முகவரி என் கிறுக்கலில் வந்திருந்தால் அப்பா என்னோடு பேசவில்லை என்று தெரிந்துகொள். எனக்காக அவரிடம் பரிந்து பேசாதே. அவருக்குப் போன் போட்டு, உங்க ஞாபகம் சரியாத்தான் இருந்திருக்குப்பா என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா