குதிகாலுக்குக் கீழ ரெண்டு வெரல்

அம்பத்தூர்
25-7-74, வியாழக்கெழம

அப்பிடி இல்லமே தாயம்மா. உன் பால்ல ஒரு கொறையும் இல்ல. நேத்து உன் தம்பி கஜபதி, நான் வாட்ச்மேனா நிக்கிற கம்பெனி கேட்டாண்ட வந்து, அக்கா இப்பிடித்தான் பொலம்பிகினு கீது மாமா, நான் குடுத்த பால்ல சத்து இல்ல, அதான் புள்ளைக்கு சதை மட்டமா அமைஞ்சிபோச்சுன்னு அழுவுதுன்னான். ஷிப்டு வுடற நேரம், காக்கி டிரஸ்ல நின்னுகினு ஊட்டு சண்டைய போடமுடியுமா? அதான் பதில இதுல அனுப்பறேன். நாளைக்கு அவன் கையிலயே குடுத்துடறேன்.

இப்பதான் முறையா ஆரம்பிக்கிறேன். வேப்பம்பட்டுல தம்பி ஊட்டுல கோவிச்சுகினு குந்திகினு கீற என் ஊட்டுக்காரி தாயம்மாளுக்கு துலுக்கானம் எழுதிக்கிறது. இங்க நானும் நம்ம பொண்ணு வசந்தாவும் சொகம். உன் சொகத்துக்கு உன் தம்பி பொண்டாட்டி வெக்கிற கொழம்புதான் பதில் சொல்லணும். சொல்றது நானு, எழுதறது வசந்தா. நான் மூணாங்கிளாசு, என் எழுத்தப் படிக்க கஜபதிக்கு ஒரு கண்ணாடி பத்தாது.

கோவிச்சுகினு போறவ ரெண்டு பொடவை எடுத்துகினு போவா. நீ மோர்மொளகா டப்பாவையும் இல்ல தூக்கிகினு பூட்டே? நாலு நாளா மோருசோறு தொண்டையில எறங்கல. வசந்தா சிரிக்கிறா. சிரிச்சதையும் எழுதுடின்னேன், எழுதிகினு கீறா.

சரி, சங்கதிக்கு வரேன். திங்கக்கெழம காலைல எட்டு மணிக்கு வசந்தாவ ஆஸ்பத்திரில சேக்கணும். குதிகாலுக்குப் பின்னால கீற நரம்ப ரவ நீட்டி வுட்டா பாதம் தரையில படியும்னு டாக்டர் சொல்லிக்கீறாரு. பொம்பளைங்க வார்டுல தொணைக்கு பொம்பளைதான் இருக்கணும். நீ வரலன்னா இவ போவமாட்டேன்றா. நீ இன்னாடான்னா, எம்புள்ள பட்ட வலி போதும், இனிமே கத்தி படக்கூடாதுன்னுட்டு ரயில் ஏறிட்டே.

நீ பயப்படறது நாயம்தான். ரெண்டு வயசுல வந்த ஜொரத்துல கால் சூம்பி, வலது கால் ரெண்டு இஞ்சு குட்டையா போச்சு. போன வருசம் எலும்ப வெட்டி, கம்பி பூட்டி, தெனம் ஒரு திருகு திருகி, மூணு மாசத்துல அந்த ரெண்டு இஞ்ச வாங்கிக் குடுத்தாங்க. எலும்பு வந்துடுச்சி. சதைதான் பின்னாலயே நின்னுபோச்சு. டாக்டர் அன்னிக்கே சொன்னாரு, எலும்பு சொன்ன பேச்ச கேக்கும், சதை கேக்காது, சந்தையில கையப் புடிச்சி இழுத்துகினு போற கொழந்த மாரி அழுதுகினேதான் வரும், கட்டு பிரிச்சப்பால தெனம் ரெண்டு வேளை பாதத்த மேல தள்ளி தள்ளி இழுக்கணும், வுட்டா அங்கியே கெட்டியாயிடும்னு. வேளைக்கு அம்பது தபா.

அந்த அம்பத எண்ணினது நானு. பாக்க மாட்டாம நீ அடுப்பாண்ட காதப் பொத்திகினு குந்தியிருப்பே. இவ கத்தின கத்தலுக்கு பக்கத்தூட்டு நாகம்மா வந்து, யோவ் வாட்ச்மேன், பெத்த பொண்ண கொல்றியான்னு கேட்டுது. இவ வலி கொறையணும்னு நீ வெள்ளிக்கெழம சோறு வுட்டே. திருவேற்காட்டு கோயில்ல அங்கப்பிரதட்சணம் பண்ணி முதுகுத்தோல் உரிஞ்சிது. நான்தான் தேங்காண்ண போட்டு வுட்டேன்.

தாயம்மா, நீ அழுத அழுவைக்கு இந்தாண்ட ஒண்ணுமே நடக்கலமே.

மொத பத்து நாள் மெய்யாலுமே தள்ளினேன். பதினோராம் நாளு கால் என் கையில மீன் மாரி துடிச்சிது. நைனா, இன்னிக்கு ஒரு நாள் வுட்டுடுன்னா. வுட்டேன். கத்தல் கேக்கலியேன்னு உள்ள நீ காதுலேர்ந்து கைய எடுத்துட்டு எழுந்தே. வந்து பாத்தா ரெண்டு பேரையும் தொலைச்சிடுவே. நான் கண்ணடிச்சி, கத்துடின்னேன். கத்தினா பாரு, மெய்யா வலிச்சப்ப கூட அப்பிடி கத்தல. நான் பாதத்த சும்மா புடிச்சிகினு பதினேழு, பதினெட்டுன்னு சத்தமா எண்ணினேன். அப்பால ரெண்டு பேரும் தலகாணில மூஞ்சிய வெச்சி சிரிச்சோம். மறுநாளும் அதே டிராமா. வைகாசி முடியற வரைக்கும் தெனம் ரெண்டு ஆட்டம்.

ஆனில டாக்டர் இவள நிக்க வெச்சி, குதிகாலுக்கும் தரைக்கும் நடுவுல ரெண்டு வெரல வுட்டுப் பாத்தாரு. பூந்து வந்துச்சி. கெண்டக்கால அமுக்கிப் பாத்தாரு, காஞ்ச கயிறு மாரி கெட்டியா கீது. இவள எக்ஸ்ரேவுக்கு அனுப்பிட்டு, தெனம் செஞ்சீங்களான்னு நம்மள கேட்டாரு. நீ முந்திகினு, தெருவே சாட்சி சார், ரெண்டு வேளையும் எம்புள்ள கத்துச்சின்னே. அப்போ சதைதான் சரியில்ல, சில பேருக்கு அப்பிடி அமையும்னு சீட்டுல எழுதிட்டாரு. நான் செவுத்துல கீற காலண்டர பாத்துகினு நின்னேன்.

அன்னிலேர்ந்து இவ தன் கெண்டக்கால தானே குத்திகினு மட்டம், மட்டம்ன்றா. நீ மார்ல அடிச்சிக்கிறே. நான் டமாசு பேசிகினு சுத்தறேன்.

பேனா நின்னு போச்சு. எழுதுடி வசந்தா. உம்மேல ஒரு தப்பும் இல்ல. நான் டாக்டர தனியா பாத்தேன், பத்து நாள் இழுத்ததே போதும், மீதி தன்னால வந்துடும்னாரு, உங்கம்மா நம்பமாட்டா, அவளுக்காவ கத்துன்னு மறுநாளு உங்கிட்ட சொன்னேனே, அவரு அப்பிடி சொல்லவே இல்லம்மா. நானே

இதுக்கு மேல என் கையெழுத்து. கஜபதி, பொறுமையா படிச்சி சொல்லு.

பேனாவ பாய் மேல வெச்சிட்டு எழுந்து போய்ட்டா. மூஞ்சிய பாத்து சொல்ல தெம்பு இல்லாமத்தான் அவ கையாலயே எழுத வெச்சேன். கதவாண்ட நின்னு பாத்துகினே எழுதறேன். செவுத்த புடிக்காம நடக்கறா. ராத்திரி பேஞ்ச மழைல மண்ணு ஈரமா கீது. இடது பக்கம் முழு பாதம் வுழுது, வலது பக்கம் வெரலு மட்டும். கொழாயடிய தாண்டிட்டா. திரும்பிப் பாக்கல.

நாளைக்கு டாக்டராண்ட போறேன். சதைய பத்தி எழுதினத அடிச்சிட்டு அங்க என் பேர எழுத சொல்றேன்.

நரம்ப நீட்டினப்பாலயும் தெனம் தள்ளணுமாம். அவ மெய்யா கத்துவா. நீ வா. எனக்கு சோறு போடாத, பேசாத, மோர்மொளகா கூட வாணாம். அவ கால மட்டும் நீ புடி.

நான் புடிச்சா வுட்டுடுவேன்மே.

துலுக்கானம்