வரைபடத்தில் நம் லயம்

என் அண்ணனுக்கு,

போன இடத்திலும் நீ சும்மா இருக்க மாட்டாய். இருந்தாலும் என் கதையைக் கொஞ்சம் கேள். தன்னார்வலர்கள் சேர்ந்து வரைகிற, யாரும் இலவசமாகப் பார்த்துத் திருத்தக்கூடிய இணைய வரைபடம் இருக்கிறதே, அதை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் என் ஆய்வு. அதற்கு ஒரு நகரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார் என் ஆய்வைப் பார்க்கிற மேடம். கூடப் படிக்கிறவர்கள் கொழும்பு, கண்டி என்றார்கள். அங்கே சந்துபொந்தெல்லாம் வரைந்தாயிற்று, வேலை சுலபம்.

நம்ம பதுளையில் என்னதான் இருக்கிறது என்று திறந்து பார்த்தேன். டவுனைத் தாண்டி ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தால், ஒரே வரிசையாய் ஒட்டிய வீடுகளோடு நம் லயம்! வரைந்தது யாரென்று தட்டினால் உன் பெயர். போனும் கையுமாகத் திரிந்தாயே, கேம் விளையாடுகிறாய் என்று எத்தனை தடவை திட்டினேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

அதுசரி, ஒரே கட்டடத்தை ஏன் பதின்மூன்று வீடாக வரைந்தாய்? எங்கிருந்தோ ஒருவர், கூரை ஒன்றுதானே, இது பிழை என்று எழுதியிருக்கிறார். உன் பதிலும் அதன் கீழேயே இருக்கிறது: “கூரை ஒன்னுதாங்க. அடுப்பு தனித்தனியா எரியுது.” வாசித்ததும் அழுதுவிட்டேன்.

அழுது முடித்து எண்ணினால் நம் லயத்தில் குடும்பத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு காம்பராதான். பக்கத்துக் காம்பரா செல்வி அக்காவைக் கேட்டேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. புது வீடு கொடுக்கப் பெயர் எழுதத் தோட்ட ஆபீசிலிருந்து உன்னை அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து, கோழிக்கூட்டையும் கல்யாணமான மகனுடைய வீடு என்று காட்டினாராம். அந்தக் கூட்டில் முட்டை எடுத்தவனே நீதானே, தெரிந்தேதான் வரைந்தாயா? ஆய்வில் அதைப் பிழை என்றுதான் எழுதுவேன், கோபித்துக்கொள்ளாதே.

பதுளை என்றதும் மேடம் யோசித்தார். ஒப்பிட்டுப் பார்க்க அங்கே சரியான வரைபடம் கிடைக்காது, படிப்பு ஒரு வருடம் இழுத்துவிடும் என்றார். நகர எல்லைக்குள் தோட்டம் வராதே என்றும் கேட்டார்.

“எல்லைய நான் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கிறேன் மேடம்” என்றேன். அரைமனதாகத்தான் சம்மதித்தார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, அண்ணே.

நமுனுகுல மலைப் பக்கம் ஏறுகிற பாதையை மாரியம்மன் கோயில் வளைவோடு விட்டிருக்கிறாய். சேமித்த தேதியைப் பார்த்தேன். மறுநாள்தான் உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த வளைவிலேயே உனக்கு மூச்சு முட்டியதா? ஏன் எங்களிடம் சொல்லவில்லை?

வளைவுக்கு மேலே எத்தனை லயம் என்று எனக்கும் தெரியாது. வருகிற வாரம் அங்கிருந்து நடக்கத் தொடங்குகிறேன். நீ நின்ற இடத்தில் நான் நிற்க மாட்டேன்.

உன் ஒரே தங்கச்சி,
பவானி