கனடா பக்கம் விழுந்த சுருக்கம்

ராயப்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அருமை மகள் ஜுவேரியாவுக்கு, அப்பா கலீமுல்லா சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையில் என் முழங்கால் தவிர இங்கே எல்லாம் சுகம். டொராண்டோவில் நீயும் உன் குளிர்கோட்டும் சுகம்தானே?

கையில் போன் இருக்க எதற்குக் கடிதம் என்பாய். போனில் பேசினால் உன் அம்மி குல்ஷன் பக்கத்தில் வந்து நின்று, கேட்காத மாதிரி கழுவிய தட்டையே திரும்பக் கழுவுகிறாள். எழுத வேண்டியதோ அவளைப் பற்றி.

டொராண்டோவில் வடகிழக்கே விரிப்புப் போட்டுத் தொழுகிறேன் என்று நீ வாய்தவறிச் சொன்னதிலிருந்து வீட்டில் அனல். என் சோபா கடைச் சுவரில் தொங்கும் உலக மேப்பில் ஸ்கேல் வைத்து, தொழும்போது முகம் பார்க்க வேண்டிய மக்கா உன் ஊருக்குத் தென்கிழக்கே என்று தீர்ப்பு சொன்ன மேதை நான்தான். குல்ஷன் ஒன்றே ஒன்று சொன்னாள்: படிக்கப் போன பொண்ணு முகத்தைத் திருப்பிக்கினா. நீ உலகம் உருண்டை, யூக்ளிட் என்று வகுப்பெடுத்தாய், அவள் போனை வைத்தாள். நீயும் ரோஷத்தில் டிசம்பருக்கு வரவில்லை, டிக்கெட் போடவில்லை என்று மெசேஜ் போட்டுவிட்டாய்.

அன்றிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. சோபா தைக்கிறவனுக்கே உட்கார முடியவில்லை என்றால் பார்த்துக்கொள். கடையில் டீ சொல்கிறேன், டீ வருவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். இன்னாத்துக்கு அறுந்த காத்தாடி மாதிரி சுத்திக்கினு கீறீங்க என்று குல்ஷன் கேட்கிறாள். காரணமே அவள்தான் என்று எப்படிச் சொல்வது?

நீ படிக்கிற வடிவியல் வரலாற்றை நானும் மனசில் ஓட்டிப் பார்த்தேன். என் ஜியாமெட்ரி பாக்ஸில் எனக்கு உதவியது காம்பஸ் மட்டும், அதுவும் பெஞ்சில் பேர் செதுக்க. இணைகோடுகளைப் பற்றி அந்தக் கிரேக்கர் யூக்ளிட் போட்ட ஒரு விதியை வைத்துக்கொண்டு, பின்னால் வந்தவர்கள் இரண்டாயிரம் வருஷம் நிம்மதியில்லாமல் கிடந்தார்களாமே? எனக்கு இரண்டு மாசமே தாங்கவில்லை. மக்காவை நோக்கித் தொழும் திசை, அந்தக் கிப்லா, எந்தப் பக்கம் என்று அறியத்தான் பாக்தாத் பக்கத்து அறிஞர்கள் உருண்டை மேல் முக்கோணம் போட்டுக் கணக்குப் பார்த்தார்கள் என்றும் சொன்னாய். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

போன வாரம் அடையாறில் ஒரு மழலையர் பள்ளிக்காரர்கள் பந்து மாதிரி குஷன் கேட்டு, உலக மேப் அச்சடித்த துணியும் கொடுத்தார்கள். வீட்டில் வைத்துத் தைத்தேன். நடுவில் ஆப்பிரிக்கா ஜம்மென்று உட்கார்ந்தது. மேலே போகப் போகச் சுருக்கம். கனடா புடவைக் கொசுவம் மாதிரி நிற்கிறது! மிச்சத்தை உள்ளே மடித்துத் தைத்தேன். தட்டைத் துணி உருண்டை மேல் ஒழுங்காக உட்காராது என்பது என் பிழைப்பு. மேப்பும் ஒரு தட்டைத் துணிதான் என்பது மட்டும் அப்போதுதான் உறைத்தது.

குல்ஷனைக் கூப்பிட்டேன். டொராண்டோவில் குண்டூசி குத்தி நூலைக் கட்டினேன். மக்காவில் ஊசி குத்த அவளுக்கு மனசு வரவில்லை, நூலின் மறுமுனையைத் தன் விரலால் அங்கே அழுத்திக்கொண்டாள். நூல் என் ஸ்கேல் சொன்னபடி தெற்கே தொங்கியது. இழுத்துப் பிடி என்றேன். இழுத்தாள். நூல் தானாக நழுவி மேலே ஏறி, ஐரோப்பா வழியாக இறங்கி அவள் விரலுக்கு வந்தது. ஊசியடியில் அது புறப்பட்ட பக்கத்தைக் குனிந்து பார்த்தாள். வடகிழக்கு.

ரொம்ப நேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு, சோபாக்காரருக்கு உலகம் உருண்டைன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா, அந்த ஸ்கேலைத் தூக்கி அடுப்புல போடுங்க என்று கத்தினாள். கோபம் என் பக்கம் வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

உன்னைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் டொராண்டோ ஊசியைப் பிடுங்கப் போனால் கையைத் தட்டிவிடுகிறாள். அடையாறுக்காரர்கள் போன் மேல் போன் போடுகிறார்கள். குழந்தைகள் உட்காரும் குஷனை ஊசியோடு கொடுக்க முடியுமா?

வெள்ளிக்கிழமை போன் பண்ணு. நான்தான் எடுப்பேன், அவள் தட்டு கழுவுவாள். யூக்ளிட் வேண்டாம் தாயே. டிக்கெட் போட்டுட்டேன் என்று மட்டும் சத்தமாகச் சொல், குழாய்ச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கிற மாதிரி. ஊசியை நீயே வந்து எடு.

வடகிழக்கே நின்று கேட்கும் துஆவில் எங்கள் இருவரையும் சேர்த்துக்கொள். அல்லாஹ் உன்னைக் காப்பானாக.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா