அத்தையிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன்

அன்பு மகளுக்கு,

இங்கே அப்பாவும் நானும் சுகம். உன் அத்தை மட்டும் சுகமில்லை, அதற்கு நான்தான் காரணம், அதில் எனக்கு வருத்தமும் இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

அத்தை போனில் அழுதாள், ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடு என்று எழுதியிருந்தாய். அழுதவள் முழுக்கதையும் சொல்லியிருக்கமாட்டாள். உன் அத்தானின் மனைவிக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவ வலி எட்டிப் பார்த்து, எங்கள் வார்டுக்குத்தான் கொண்டுவந்தார்கள். வலியை அடக்க டிரிப் ஏற்றினோம். இப்படி வருகிற பெண்களின் ரத்தத்தை எடுத்து எங்கள் டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சி செய்கிறார். உயிர் காக்கிற ஆக்ஸிஜனே சில சமயம் வேலி பயிரை மேய்ந்த கதையாக உடம்பின் அணுக்களைக் கெடுக்குமாம், இரும்பைத் துரு தின்கிற மாதிரி. அந்தச் சேதம் இவர்களுக்கு எவ்வளவு, மருந்து ஏறியபின் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கிறார். கேள்விகள் கேட்டு, ரத்தம் எடுத்து, ஐஸில் வைத்து லேபுக்கு அனுப்புவது நர்ஸான என் வேலை.

நான் ஊசியோடு போனபோது அத்தை தலைமாட்டில் நின்று, "வேலைக்குப் போறேன்னு பஸ்ஸுல தொத்திக்கிட்டுத் திரிஞ்சா வயித்துல எது தங்கும்? எங்க வம்சத்தைக் கரைக்கவே வந்திருக்கா" என்று பொரிந்துகொண்டிருந்தாள். அந்தப் பெண் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நீ வயிற்றில் இருக்கும்போது நானும் இதே வலியில் கிடந்தேன். அன்றும் இதே வாய்தான், "வயித்துல இருக்கிறதைக் காப்பாத்தத் துப்பில்ல, இவளுக்கெல்லாம் எதுக்குப் புள்ள?" என்றது. உன் அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாக்கியத்தை இத்தனை வருஷமும் ஒரு சொல் சிந்தாமல் வைத்திருந்தேன்.

வீட்டில் யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா என்பது எங்கள் கேள்விகளில் ஒன்று. உறவுக்காரர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்க வேண்டும். அன்று நான் அனுப்பவில்லை. அடுத்த கட்டில் வரைக்கும் விழுகிற மாதிரி கேட்டேன். "அவர்தான், ரூமுக்குள்ளயே" என்றாள் அவள். ஆம்பள ஊதினா இவ வயிறு ஏன் வலிக்கணும் என்று அத்தை கேட்டதும், "அந்தப் புகை இவ ரத்தத்துல போய்த் துருப்பிடிக்க வைக்குது அண்ணி. வம்சத்தைக் கரைச்சது யாருன்னு தெரியுதா? பெத்த புள்ளைய ஒழுங்கா வளர்க்கத் துப்பில்ல, உங்களுக்கெல்லாம் எதுக்குப் பேரன்?" என்றேன். பக்கத்துக் கட்டில்காரி வலியை மறந்து சிரித்தாள். உன் அத்தான் கட்டிலுக்கடியில் குனிந்து செருப்பைத் தேடினான், செருப்பு காலில்தான் இருந்தது.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? புகை அந்தச் சேதத்தைக் கூட்டும் என்பது உண்மை. இந்த வலிக்கு அதுதான் காரணம் என்று டாக்டரம்மாவே சொல்லமாட்டார். தெரிந்துதான் சொன்னேன். அத்தை மட்டும் காரணம் கண்டுபிடித்துவிட்டா என்னைச் சொன்னாள்? டாக்டரம்மா கூப்பிட்டுக் கண்டித்தார், வாங்கிக்கொண்டேன். ஆனால் மறுநாள் அந்தப் பெண், "நீங்க எனக்காகப் பேசினீங்களா, உங்களுக்காகவா?" என்று கேட்டாள். எனக்காகத்தான் என்றேன். வார்டே கேட்க அவள் வீட்டுச் சங்கதியை இழுத்ததற்கு மன்னிப்பும் கேட்டேன், அவளிடம் மட்டும்.

வலி அடங்கிவிட்டது. பிரசவம் வரை அந்தப் புகைக்குள் போகமாட்டேன் என்று சொல்லி நம் வீட்டுக்கே வந்துவிட்டாள். உன் அறையில் தூங்குகிறாள், உன் போர்வையைக் கொடுத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அத்தை வந்தால் உள்ளே விடுவதா என்று கேட்டதற்கு, "ஒரு நாள் வெளிய நிக்கட்டுமே" என்றாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். அத்தை மறுபடி அழுதால் ஆறுதல் சொல், அது உன் பிரியம். என் சார்பில் மன்னிப்பு மட்டும் கேட்டுவிடாதே.

உன் மேல் உயிராயிருக்கும்
அம்மா