நாகமலை வளைவு

5-2-1984, ஞாயிறு

சோழவந்தான் கட்டம் 41.2 நொடி. போன வருஷம் இதே கட்டத்தை 36க்குள் முடித்தவன் நான். என்ன எழவோ தெரியவில்லை.

நேற்று ஆபீஸில் ஒருவர், "நாப்பத்தி நாலு வயசுல பொம்மைக் காரா சார்?" என்று கேட்டுச் சிரித்தார். பொம்மையாம். வந்து பார்க்கச் சொல்ல வேண்டும். ஆரப்பாளையத்தில் அழகுமலையின் சைக்கிள் கடை மாடி முழுக்கப் பலகை மேடை. பலகையில் வெட்டிய பள்ளத்தில் கார் ஓடும். பள்ளத்தின் இருபக்கமும் ஒட்டிய செம்புப் பட்டையிலிருந்து அதற்குக் கரண்ட். வேகம் நம் கட்டைவிரலில் இருக்கிறது: கையில் பிடித்த கன்ட்ரோலரை அழுத்தினால் பாயும், விட்டால் நிற்கும். ரேலி என்றால் இரண்டு கார் மோதுவதல்ல. ஒவ்வொருவராகக் கடிகாரத்துக்கு எதிரே ஓட்ட வேண்டும். கார் பள்ளத்தை விட்டுக் குதித்தால் ஐந்து நொடி தண்டம்.

ஊர்ப் பேர் வைத்து ரேலிப் பாதையை நாலு கட்டமாக வரைந்தது நான். டிராப்ட்ஸ்மேன் வேலை பார்ப்பவனுக்கு அது கூட வராதா? வெட்டியது அழகுமலை. கரண்ட் வேலை முழுக்க வீரணன். வேறொரு கடையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன், அவன் கை சுத்தம். சோழவந்தான் கட்டத்தில் நாகமலை வளைவு என்று ஒன்று வைத்தேன். ஏறிக்கொண்டே திரும்பும். விரலைச் சீராக விட்டுக்கொண்டே போனால்தான் கார் தங்கும்.

இன்று அங்கேதான் கார் விக்கி விக்கிப் போனது. கன்ட்ரோலரில் அழுக்கு. வேறென்ன இருக்கும்?

8-2-1984

கன்ட்ரோலரைப் பிரித்துப் பெட்ரோலில் கழுவினேன். கம்பிச்சுருளை உப்புத்தாளால் தேய்த்தேன். காருக்கு அடியில், பட்டையை உரசிக் கரண்ட் எடுக்கும் பிரஷ் கம்பியும் புதுசு. ஒரு திருகாணி கீழே விழுந்து தேடிக்கொண்டிருந்தேன். இரண்டாம் தடவையும் விழுந்தது.

12-2-1984, ஞாயிறு

43. இரண்டு முறை குதித்தது. வீரணனிடம் வேறு கன்ட்ரோலர் கேட்டேன். "இந்தாங்கண்ணே, புதுசா கட்டுனது" என்று கொடுத்தான். அதிலும் அதே விக்கல்.

14-2-1984

ஆபீஸில் டிரேசிங் துணியில் இங்க் இழுத்துவிட்டது. பாலத்தின் கைப்பிடிக் கோடு பாம்பு மாதிரிப் போகிறது. மின்விசிறிக் காற்று என்று சொன்னேன். விசிறி ஓடவில்லை. யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

26-2-1984, ஞாயிறு

இதை எழுதித்தான் ஆக வேண்டுமா? எழுதுகிறேன்.

மூன்றாவது கன்ட்ரோலர். 46 நொடி. எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறிவிட்டது. "நல்லதையெல்லாம் நீ வச்சுக்கிட்டு ஓட்டையை என் தலையில கட்டுறியா?" என்று வீரணனைக் கேட்டேன். "அப்படி இல்லண்ணே, நான் அப்படிச் செய்வனா?" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். அந்த மெதுவே எனக்கு ஏறுக்குமாறாகப் பட்டது. சொல்லிவிட்டேன்: "உன்னையெல்லாம் இந்த மாடியில ஏத்துனதே தப்புடா."

அவன் எந்தத் தெரு என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். கூட இருந்த ஏழு வருஷத்தில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. எடுத்தது நான்.

அழகுமலைதான் ஸ்டாப் வாட்சை எடுத்து, "வீரணா, மாப்ள காரை மாப்ள கன்ட்ரோலர்லயே நீ ஓட்டு" என்றான். வீரணன் என் காரை, நான் பிடித்திருந்த அதே கன்ட்ரோலரால் ஓட்டினான். நாகமலை வளைவில் எண்ணெய் மேல் போவதுபோலப் போனது. 35.4.

அப்புறம்தான் எல்லோரும் பார்த்தார்கள். மேடை ஓரத்தில் என் வலது கை சும்மா கிடந்தது. அது ஆடிக்கொண்டிருந்தது. பெருவிரல் ஆட்காட்டி விரலை உரசி உரசி, காசு எண்ணுவது மாதிரி. நான் ஆட்டவில்லை. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை.

வீரணன் கன்ட்ரோலரை மேசை மேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனான்.

27-2-1984

கன்ட்ரோலர் நல்லாத்தான் இருக்கு. கைதான்.

3-3-1984, சனி

காலையில் பெண்டாட்டி காப்பி கொடுத்தாள். டம்ளரில் பாதிதான் இருந்தது. "ஏன் அரை டம்ளர்?" என்று அன்னக்கொடியை அதட்டினேன். அவள் அடுப்படிக்குப் போனாள். பின்னாலேயே போய்க் கேட்டேன்.

"கார்த்திகையில இருந்தே அரை டம்ளர்தாங்க ஊத்துறேன். வேட்டியில சிந்துறீங்கல்ல" என்றாள்.

நாலு மாசம். நாலு மாசமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் கம்பிச்சுருளைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

14-3-1984, புதன்

டாக்டர் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "நடுவுல ஆரம்பிச்சு ஒரு சுருள் போடுங்க சார்" என்றார். சிரிப்பு வந்தது. இருபத்திரண்டு வருஷமாகக் கோடும் வளைவும் போட்டுச் சோறு தின்கிறவனிடம் சுருள் கேட்கிறார்.

போட்டேன். பல் பல்லாக வந்தது. அதுவும் போகப் போகப் பெரிதாகாமல் சுண்டிப்போய், ஒரு புளியங்கொட்டை அளவுக்கு. அன்னக்கொடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நோய்க்கு ஒரு பேர் சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை. மாத்திரையில் குறையுமாம், போகாதாம். இடது கையைக் கேட்டேன். "இப்போதைக்கு நல்லா இருக்கு" என்றார். இப்போதைக்கு.

15-3-1984

ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஜனவரியில் என் எழுத்து எம்புட்டுப் பெரிசு. பக்கத்துக்குப் பக்கம் சின்னதாகிக்கொண்டே வந்திருக்கிறது. நானேதான் எழுதினேன், நானே பார்க்கவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் எறும்பு ஊர்ந்தது மாதிரி ஆகிவிடும். அப்புறம்?

அப்புறம் என்ன, ஒண்ணுமில்ல. கோடு போடத் தெரிஞ்சவன். வேற என்ன தெரியும் எனக்கு? ஒண்ணும் தெரியாது.

22-3-1984

பெரிய என்ஜினியர் கூப்பிட்டார். "வெள்ளைத்துரை, கொஞ்ச நாளைக்குத் தபால் பிரிவைப் பாத்துக்கங்க." கொஞ்ச நாளைக்கு என்று ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்? என் வரைமேசையில் இன்றே வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். கோடிழுக்கும் என் டி-ஸ்கொயரை எடுத்து வந்துவிட்டேன். பீரோவுக்கு மேலே கிடக்கிறது.

23-3-1984

தபாலில் முத்திரை குத்தினேன். அதுவும் கோணல்.

8-4-1984, ஞாயிறு

வீரணன் காயில் கட்டும் கடைக்குப் போனேன். வாசலில் பத்து நிமிஷம் நின்றேன். ஒரு மோட்டாரைப் பிரித்து வைத்துச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றுச் சுற்றாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல். அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பொறாமையாகத்தான் இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது.

"வீரணா, கன்ட்ரோலர் மேல தப்பு இல்லடா. என் கைதான்" என்றேன்.

"அது அன்னைக்கே தெரியுமேண்ணே" என்றான். கம்பியை விடவில்லை. "கன்ட்ரோலரைக் குத்தம் சொன்னீங்க, அதை நான் மறந்துட்டேன். மாடிய பத்திச் சொன்னீங்க பாருங்க. அது போக மாட்டேங்குதுண்ணே."

ஏதாவது சொல்லியிருக்கலாம். உடம்பு சரியில்லை என்று ஒருவனிடம் மன்னிப்பை வாங்கிவிடலாம் என்று நினைத்துத்தானே போனேன்? அது அவனுக்கும் தெரிந்துவிட்டது. "மாத்திரையைத் தவறாமச் சாப்பிடுங்கண்ணே" என்றான். திரும்பி வந்துவிட்டேன்.

29-4-1984, ஞாயிறு

ரேலி. இடது கையால் ஓட்டினேன். பதினொரு தடவை குதித்தது. கடைசி இடம். நாகமலை வளைவில் மட்டும் ஐந்து தடவை. நான் போட்ட வளைவு.

வீரணன் வரவில்லை. கரும்பலகையில் அவன் பேருக்கு நேரே அழகுமலை ஒரு கோடு போட்டிருந்தான். மற்றவர்கள் என்னிடம் அன்பாகப் பேசினார்கள். "பரவாயில்லண்ணே" என்று முதுகில் தட்டினார்கள். ஒருவர் கூட அவன் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும், அதனால்தான். எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை.

11-5-1984

எழுத முடியவில்

10-6-1984, ஞாயிறு

இதை எழுதுவது அன்னக்கொடி. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். ஒரு மாதமாக நோட்டைத் தொடவில்லை. என் எழுத்தை என்னாலேயே படிக்க முடியவில்லை. "சொல்லுங்க, நான் எழுதுறேன்" என்று காலையில் இவளே நோட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

நேற்று மாலை அழகுமலை ஆள் அனுப்பியிருந்தான். போனேன். சைக்கிள் கடையில், பம்ப் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு மரமிதி இருந்தது. தையல் மிஷின் மிதி மாதிரி, ஆனால் சின்னது. அடியில் கம்பிச்சுருள். அந்தச் சுற்றைப் பார்த்ததுமே யார் கை என்று தெரிந்துவிட்டது.

"வீரணன் கொண்டாந்து வச்சான் மாப்ள. கால்ல ஓட்டலாமாம். கால் ஆடாதுல்லன்னு கேட்டான்" என்றான் அழகுமலை. "மேல வாடா, நீயே மாட்டிக் குடுன்னேன். இல்லண்ணே, கீழயே இருக்கட்டும்னு வச்சுட்டுப் போயிட்டான்."

மாடிக்குக் கொண்டுபோய் மாட்டினோம். முதல் தடவை குதித்தது. ஐந்தாவது தடவை 38.6. நாகமலை வளைவில் ஒரு விக்கல் இல்லை. அழகுமலை விசிலடித்தான். நான் படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன்? அங்கே யாரும் இல்லை.

இந்த இடத்தில் அன்னக்கொடி பேனாவை நிறுத்தினாள். "இம்புட்டுச் செஞ்சவரு ஏங்க மேல வரல?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. பிப்ரவரி இருபத்தாறு பார் என்றேன். புரட்டிப் போய், பொடி எழுத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள்.

"எத்தன தடவ போய்ப் பாத்தீங்க?"

"ஒரு தடவ."

"ஏழு வருஷம் கூட இருந்த மனுசன். ஒரு தடவ."

இதையெல்லாம் எழுத வேண்டாம் என்றேன். எழுதிக்கொண்டிருக்கிறாள்.